ஜான்ரோஸ் கேட்ட விலை

ஜான்ரோசின் தொண்டையைப் பற்றிச் சொல்லாமல் ஜான்ரோசைப் பற்றிச் சொல்ல முடியாது. கருங்கல் பக்கத்தில் அவருடைய சபை. அங்கே அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் மைக்கைப் பிடிப்பது அவர்தான். இருபது வருடமாக வேறு ஒருவர் கை அந்த மைக்கைத் தொட்டதில்லை. மைக்கும் அவருடையது, பெட்டிகளும் அவருடையவை. கல்யாணம், சுவிசேஷக் கன்வென்ஷன், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ரோஸ் சவுண்ட்ஸ் வண்டி வந்து நின்றால்தான் விசேஷம் தொடங்கியதாக அர்த்தம். அது கிடக்கட்டும், சவுண்ட் சர்வீஸ் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு கோழிமுட்டையை நாலாயிரம் ரூபாய்க்கு ஏலம் விட வேறு எவனால் முடியும், சொல்லுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் தங்கள் விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், சேவல், பலா, ஒரு செம்பு பால், இப்படி. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் எல்லாம் ஏலத்துக்கு வரும். அங்கே சந்தை விலைக்கு வாங்கினால் மானக்கேடு. ஒருவர் நூறு என்றால் அடுத்தவர் ஐந்நூறு என்பார். குவைத்திலிருந்து லீவுக்கு வந்தவன் ஆயிரத்துக்குத் தாவுவான். வாங்கியதை அங்கேயே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் அதில் தோற்றவன் கிடையாது. காசு ஆண்டவருக்கு, பேர் கேட்டவனுக்கு. கூட்டம் சும்மா நின்றால் ஜான்ரோசுக்குத் தொண்டை அரிக்கும். "என்ன மக்கா, எல்லாருக்க வாயிலயும் கொழுக்கட்டையா? அந்தப் பக்கத்துல ஒரு ஆளு கை தூக்குனது எனக்குத் தெரிஞ்சுதே" என்பார். யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் அதைக் கேட்டதும் யாராவது ஒருவர் தூக்கிவிடுவார்.

அந்தத் தொண்டைதான் அவர் மனைவி பூங்கனியின் நாற்பது செண்ட் ரப்பர் தோட்டத்துக்கு எமனாக வந்தது.

தோட்டம் பூங்கனிக்கு அப்பா கொடுத்தது. விடியும்போதே பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். ஆள் வைத்தால் பட்டையைக் குத்திக் கெடுத்துவிடுவான் என்று யாரையும் மரத்துப் பக்கம் விடமாட்டாள். பாலெடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்து விற்ற காசில்தான் இரண்டு பெண்களையும் நர்சிங் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தது. ரோஸ் சவுண்ட்ஸ் சம்பாத்தியம் அடுத்த பெட்டி வாங்கவே சரியாகப் போகும். தோட்டத்தின் ஓடைக்கரையில் நாலு மூடு மட்டி வாழை நட்டிருந்தாள். வருடா வருடம் பண்டிகைக்கு அவள் காணிக்கை அதிலிருந்து ஒரு குலை. இந்த வினை வருவதற்கு முந்திய வருடம் அந்தக் குலை ஏழாயிரத்துக்குப் போனது. எடுத்தவன் ஷாஜன், சவுதியில் சம்பாதித்துத் திரும்பி, அவர்கள் தோட்டத்துக்கு அடுத்த நிலத்தை வாங்கியிருந்தவன். அன்று முழுக்க ஜான்ரோசுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இந்த நிலைமையில்தான், முன்பு மைக் கட்டிக் கொடுத்த பழக்கத்தில், ராஜகுமார் ஜான்ரோசிடம் வந்து சேர்ந்தார். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, அஞ்சுகிராமம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே அப்பா விட்டுப்போன தரிசு நிலம். கெட்ட மனுஷன் இல்லை. கிறுக்கு ஒன்று உண்டு, அவ்வளவுதான். காலேஜில் படிக்கும்போதே சால்ட் மேசன்ஸ் என்று ஒரு இங்கிலாந்து ராக் குழுவின் மேல் பைத்தியம். ஐந்து கிழவர்கள். அவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் பாட வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து ராஜகுமாருக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, பாட்டு இப்பம் போன்ல தட்டினா சும்மா கெடைக்கி. முன்ன பாட்டு விக்கதுக்காண்டி ஊரு ஊரா போனானுவ. இப்பம் ஊரு ஊரா போறதுதான் வியாபாரமே. அவனுவ நாட்டுல எல்லாவனும் நாலு தடவ பாத்தாச்சு. அதான் கடலு தாண்டி வாறானுவ. நம்ம எடத்துல மேடை போடுவோம். நாட்டுக்க முனை, காத்தாடி, கடலு. வெள்ளக்காரனுக்கு வேற என்ன வேணும்?"

ஜான்ரோசுக்கு இது நன்றாகவே விளங்கியது. ஒரு காலத்தில் கன்வென்ஷனில் பாடுகிறவர்கள் மேடைக்குக் கீழே கேசட் விற்றுத்தான் வண்டிக்கூலி பார்த்தார்கள். இப்போது கேசட்டும் இல்லை, சிடியும் இல்லை. பாட வருவதற்கே கூலி கேட்கிறார்கள். உலகம் முழுக்க ஒரே சங்கதிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாதிக்குப் பாதி கூட்டு என்று பேசியாகிவிட்டது. அறுபதாயிரம் டாலரில் தொடங்குவது, தொண்ணூறுக்கு மேல் ஒரு பைசா போவதில்லை என்று ராஜகுமார் வரையறுத்தார். பேசுவது யார்?

"நீங்கதான் அண்ணாச்சி. உங்க வாய்க்கு முன்னால எவன் நிக்க முடியும்?"

நல்ல ஜோடி சேர்ந்தது, பாருங்கள்.

லண்டன் ஏஜென்டிடம் பேச்சு ஜவுளிக்கடை மாடியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. கம்ப்யூட்டரில் தலை நரைத்த ஒரு அம்மாள் தோன்றினாள். நலம் விசாரித்தாள், உங்கள் தொகை என்ன என்றாள். நாலு வருடம் மஸ்கட்டில் இருந்த ஆங்கிலம் ஜான்ரோசுக்குப் போதும். "சிக்ஸ்டி தவுசண்ட், மேடம்" என்றார். அந்த அம்மாள் நன்றி சொன்னாள். அந்தத் தேதியை வேறொரு ஊரும் விசாரித்திருக்கிறது என்றும் சொன்னாள். பிறகு குனிந்து ஏதோ எழுதத் தொடங்கிவிட்டாள். வேறு பேச்சே இல்லை.

அந்த மௌனத்தில்தான் எல்லாம் நாசமாகப் போனது. தன்னுடைய முற்றத்தில் ஆயிரம் தடவை கேட்ட மௌனம் அது. இன்னொருவன் கை தூக்கியிருக்கிறான், நீ என்ன சும்மா நிற்கிறாய் என்று அவரே அவரைக் கேட்பதுபோல இருந்தது. தொண்டை அரித்தது.

"செவன்டி."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"எய்ட்டி."

இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஜான்ரோசுக்குக் காது அடைத்துவிட்டது. நைன்டி என்றபோது ராஜகுமார் மேசைக்குக் கீழே அவர் தொடையைக் கிள்ளினார். கிள்ளினால்? பண்டிகையில் பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டிகள் கிள்ளாத கிள்ளா? அதற்கெல்லாம் நின்றுவிட்டால் அவன் ஆண்பிள்ளையா? நூறு என்றார். நூற்றிப்பத்து என்றார். குழுவிடம் சொல்கிறேன் என்று அந்த அம்மாள் சிரித்தாள். மிக அழகான சிரிப்பு. ஜான்ரோஸ் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், ஜெயித்த களைப்பில்.

"அண்ணாச்சி, அவ ஒரு தொகையும் சொல்லலியே" என்றார் ராஜகுமார், அவள் போன பிறகு.

"வேற ஊரு கேட்டிருக்குல்லா மக்கா. விட்டுக் குடுக்க முடியுமா?"

ஏலம் விடுகிறவனும் அவரே, கேட்கிறவனும் அவரே. இப்படி ஒரு கூத்தை லண்டன்காரி அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். ராஜகுமாராவது தடுத்திருக்க வேண்டும். ஆனால் குழு வருகிறது என்ற சந்தோஷம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. பிறகு ஒப்பந்தம் வந்தது. நூற்றிப்பத்தாயிரமும் அவர்கள் கைக்கு முழுசாகப் போக வேண்டியது. வரி, விசா, விமானம், துபாயிலிருந்து வாத்தியங்களைக் கொண்டுவரும் கூலி, நாற்பது பேருக்கு ஓட்டல் எல்லாம் அழைத்தவர்கள் தலையில். பாடுகிறவர்கள் ஐந்து பேர், கூட வருகிறவர்கள் முப்பத்தைந்து பேர். பாதித் தொகை கையெழுத்தோடு, மீதி விமானம் ஏறும் முன். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அதில் மாற்றம் கிடையாது.

ஜான்ரோசிடம் பெட்டிகள்தான் உண்டு, பணம் எங்கே? மார்த்தாண்டத்தில் ஒரு பைனான்ஸ்காரரிடம் தோட்டத்தை ஈடு வைப்பது என்று ஆனது. பூங்கனி கையெழுத்துப் போட வேண்டும். அவள் பாத்திரம் கழுவிய ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவனுவ வராமப் போனா?"

"வருவானுவ. ஒப்பந்தம் அப்படி."

"எனக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் கெடையாது. தெரியுமில்லா?"

"ஏட்டி, நான் உன்ன தெருவுல நிறுத்துவேனா?"

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் வராமல் போயிருந்தால் முன்பணமாவது திரும்பியிருக்கும். வந்துவிட்டார்கள், அதுதான் வினை.

டிக்கெட் மூவாயிரம் என்று வைத்தார்கள். திருவனந்தபுரத்துப் பிள்ளைகளும் கொச்சிப் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக வரும் என்று ராஜகுமார் நம்பினார். கொஞ்சம் வரவும் செய்தார்கள். மற்றவர்களுக்கு அது தூரம். ராத்திரி திரும்பிப் போக ரயில் இல்லை, தங்க இடமில்லை. உள்ளூர்க்காரர்களோ முகத்துக்கு நேரே கேட்டார்கள். "மூவாயிரமா? கொள்ளாம். கன்வென்ஷன்ல சும்மா கேக்கலாமே அண்ணே, சுக்குக்காப்பியும் கிட்டும்." பூங்கனி காலையில் பால்வாளியோடு தோட்டத்துக்குப் போவதை அவரால் பார்க்க முடியவில்லை. அவள் கிளம்பும் நேரத்துக்கு முன்பே எழுந்து சாயாக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்னொரு அவமானமும் உண்டு. குழுவிலிருந்து வந்த பட்டியலில் இன்ன கம்பெனிப் பெட்டிதான் வேண்டும் என்று எழுதியிருந்தது. ரோஸ் சவுண்ட்ஸ் பெட்டி எதுவும் அதில் இல்லை. சென்னையிலிருந்து மூன்று லாரியில் வாடகைக்கு வந்து இறங்கியது. ஜான்ரோசின் பெட்டிகளைக் கார் நிறுத்துமிடத்தில் கட்டினார்கள், வண்டிகளை வரிசையாக விடுங்கள் என்று சொல்வதற்கு.

நிகழ்ச்சி அன்று மத்தியானம் மேடைக்குப் பின்னால் நிழலில் குழுவின் மேலாளர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறரை அடி ஆள், வெயிலில் சிவந்த மூக்கு. ஜான்ரோஸ் அவருக்கு ஒரு செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். மனுஷனுக்கு அது பிடித்துவிட்டது, பேச்சும் வந்தது. நீங்கள் எங்களைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நாலு நாள் காலியாகக் கிடந்ததாம். நாற்பது பேரும் ஓட்டலில் சும்மா படுத்திருந்தாலும் சம்பளம் ஓடும், சாப்பாடு ஓடும், சரக்குக் கட்டணம் ஓடும். பாடாத நாள்தான் எங்களைத் தின்னும் நாள், அதில் யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டிருப்போம் என்றார்.

ஜான்ரோஸ் குனிந்து கேட்டார். "அதர் சிட்டி? ஒன் மோர் சிட்டி வாஸ் ஆஸ்கிங், நோ?"

"வேறு எந்த ஊர்?" என்று அந்த ஆள் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். பிறகு இளநீரின் வழுக்கையைத் தோண்டித் தரச் சொன்னார். ஜான்ரோஸ் தோண்டிக் கொடுத்தார். அரிவாள் விரலில் பட்டுவிட்டது.

அவருக்குத் தெரியாத கணக்கா அது? திருநெல்வேலியில் கல்யாண வேலை முடித்து வண்டி காலியாகத் திரும்பும்போது பணகுடியிலோ வள்ளியூரிலோ ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு கிடைத்தால் பாதிக் கூலிக்கு மைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவர்தானே? டீசலும் பயல்கள் சம்பளமும் எப்படியும் போகும், வழியில் கிடைத்தது மிச்சம் என்று எத்தனை பேருக்கு உபதேசம் பண்ணியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரர்களும் திரும்புகிற வண்டிதான். அதைப் பேரம் பேசி நிறுத்தத் தெரியாமல், ஆலய முற்றத்தில் மட்டிக்குலை எடுக்கிறவன்போலக் கூட்டிக் கூட்டிக் கேட்டுத் தொலைத்திருக்கிறார். கார் நிறுத்துமிடத்துக்குப் போய்த் தன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பாதி மைதானம் காலி. ஆனாலும் அந்தக் கிழவர்கள் நிறைந்த மைதானத்துக்குப் பாடுவதுபோலத்தான் பாடினார்கள். ராஜகுமார் முன்வரிசையில் நின்று அழுதார். சந்தோஷமா துக்கமா என்று கேட்கும் தெம்பு ஜான்ரோசுக்கு இல்லை. மறுநாள் கிழவர்கள் சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டார்கள். ராஜகுமார் தன் பங்குக்கு அஞ்சுகிராமம் நிலத்தையும் காரையும் விற்றார். ஜான்ரோஸ் நிகழ்ச்சிக்கு மறுநாள் காலையிலேயே பூங்கனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேறு ஊர் என்று ஒன்று இல்லாததையும் சொன்னார்.

பூங்கனி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அழுகை வருகு" என்றாள். "உங்களப் பாத்தா அதுக்கு மேல கோவம் வருகு. எது மொதல்ல வரணும்ணு தெரியாம இருக்கேன். கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க."

பெண்கள் இரண்டு பேரும் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். பத்தவில்லை. பைனான்ஸ்காரர் வட்டிக்கு வட்டி போடும் முன் விற்றுவிடுவதுதான் புத்தி என்று ஆனது. ஷாஜன் வாங்கிக்கொண்டான். நியாயமான விலைதான் கொடுத்தான். அடிமாட்டு விலைக்குக் கேட்டிருந்தால் அவனையாவது திட்டியிருக்கலாம். பத்திரம் முடிந்து வெளியே வந்தபோது பூங்கனியிடம், "சித்தி, ஓடைக்கரையில ஒரு மட்டிக்கொலை வெளைஞ்சு நிக்கு. அது நீங்க நட்டது, நீங்களே வெட்டிக்கிடுங்க" என்றான். சரி மக்கா என்றாள்.

அந்த வருடப் பண்டிகைக்கு மைக் பிடிக்கமாட்டேன் என்று ஜான்ரோஸ் போதகரிடம் சொல்லிப் பார்த்தார். போதகர் விடவில்லை. "நீரு பிடிக்கலேண்ணா ஆளுக ரெண்டு விதமா பேசும் ஓய்" என்றார். சரி என்று நின்றார். தேங்காய் போனது, சேவல் போனது, ஒரு பூசணிக்காய் இரண்டாயிரத்துக்குப் போனது. தொண்டை தானாக வேலை செய்தது. பிறகு சபைக் கணக்கர் ஒரு மட்டிக்குலையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மேல்சீப்பு பழுக்கத் தொடங்கியிருந்தது. யாருடையது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"மட்டிக்கொலை" என்றார் ஜான்ரோஸ். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "கேக்கலாம்."

ஒருவரும் கேட்கவில்லை. ஷாஜன் வாயைத் திறந்தான், என்ன தோன்றியதோ, தலையைக் குனிந்துகொண்டான். கூட்டிக் கேட்டால் குத்திக் காட்டுவதுபோல ஆகும். குறைத்துக் கேட்டால் இரக்கப்படுவதுபோல ஆகும். கூட்டம் மொத்தமும் தரையைப் பார்த்தது.

"அம்பது ரூவா" என்று கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் குரல்.

பூங்கனி. காணிக்கை வைத்தவர் தானே அதைக் கேட்பது அந்தச் சபையில் அதுவரை நடந்ததில்லை. கணக்கர் போதகரைப் பார்த்தார். போதகர் வேறு பக்கம் பார்த்தார். பூங்கனி ஜான்ரோசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜான்ரோசுக்குத் தொண்டை அரித்தது. இருபது வருடப் பழக்கம். என்ன மக்கா, வாயில கொழுக்கட்டையா என்ற வார்த்தை நாக்குநுனிவரை வந்தது. அந்தப் பக்கத்துல ஒரு ஆளு கை தூக்குனாரே என்று சொல்லிவிட்டால் யாராவது தூக்கிவிடுவார்கள், அதுவும் அவருக்குத் தெரியும். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரும் கை தூக்கவில்லை. யாரும் தூக்கவில்லை என்பதை அப்படியே, முதல் தடவையாக, பார்த்தார்.

"அம்பது ரூவா, ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்."

மூன்றாவது தரத்தை மைக் இல்லாமல் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

பூங்கனி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயைக் கணக்கரிடம் கொடுத்தாள். குலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஜான்ரோஸ் மைக்கைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

"ஏட்டி, தா. நான் சுமக்கேன்."

"வேண்டாம்."

பள்ளிக்கூட முக்கில் பாதை பிரியும். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் தோட்டம். பூங்கனியின் கால் வலப்பக்கம் திரும்பியது. நாலடி போன பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது, நின்றாள். ஜான்ரோசும் முக்கிலேயே நின்றார். அவளே திரும்பி வந்தாள்.

"இண்ணைக்கு நிறுத்துனீங்கல்லா" என்றாள். "அண்ணைக்கும் வேற ஆரும் கேக்கல்ல."

குலையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.